நிறுத்துமிடத்தில் உரசல்: தவறு யார் பக்கம்?

கல்யாண மண்டபத்தின் வாசல், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம், வணிக வளாகத்தின் இரண்டாம் கீழ்த்தளம். கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில், ஆள் நடக்கிற வேகத்தில். யாருக்கும் காயம் இருக்காது. பம்பரில் ஒரு கீறல், கதவில் ஓர் ஒடுக்கு, அவ்வளவுதான் சேதம். வாக்குவாதம் மட்டும் நெடுஞ்சாலை விபத்தின் அளவுக்கு நடக்கும்.

யாரோ ஒருவர் பொய் சொல்வதால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்க வேண்டாம். பின்னால் எடுக்கிறவர் ஒரு பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். குறுக்கே வந்தவர் காலியிடம் தேடிக்கொண்டிருந்திருப்பார். இடித்த நொடியை இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள், சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். அதற்கு முந்தைய இரண்டு நொடிகளை அவரவர் மனம் தன் பக்கமாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. "நான் நின்னுட்டேன், நீங்கதான் வந்தீங்க" என்று இருவரும் மனதார நம்பிச் சொல்வது அதனால்தான். நினைவை மட்டும் வைத்து வாதாடினால் விடிய விடிய வாதாடலாம். கார்கள் நின்ற நிலைதான் சாட்சி. யாராவது ஒருவர் வண்டியை நகர்த்தும் வரைதான் அந்தச் சாட்சி இருக்கும்.

வண்டியை எடுப்பதற்கு முன்

இடித்ததும் கை தானாகவே கியரைத் தேடும், ஒட்டி நிற்கும் வண்டியைப் பிரித்துவிடத் தோன்றும். அதை அடக்குங்கள். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஹசார்ட் விளக்கை எரியவிட்டு இறங்குங்கள். குழந்தையோ வயதானவரோ உள்ளே இருந்தால் முதலில் அவர்களைப் பாருங்கள். அதன் பிறகு கைப்பேசியை எடுங்கள்.

பெரும்பாலோர் கீறலை மட்டும் கிட்டத்தில் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் படங்கள் சேதம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, யார் வந்தார் என்று சொல்லாது. பத்தடி தள்ளி நின்று, இரண்டு கார்களும் தரையில் போட்ட கோடுகளும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடுப்பதுதான் முதல் படம். அருகில் தூண் இருந்தால் அதன் எண்ணும் தெரியட்டும். இதையே நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். அடுத்து இரண்டு வண்டிகளின் முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று தெரியும் படம். பிறகு நம்பர் பிளேட்டுகள். எதிர் வண்டியின் ரிவர்ஸ் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த நொடியே அணைந்துவிடக்கூடிய ஆதாரம் அது. தரையில் விழுந்த பிளாஸ்டிக் துண்டு, பம்பரின் அடியிலிருந்து உதிர்ந்த மண் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். மண் உதிர்ந்து கிடக்கும் இடம் பெரும்பாலும் இடித்த இடத்தைச் சரியாகக் காட்டும். கீறலின் கிட்டத்துப் படம் கடைசியில்தான். அதன் அருகே தரையில் ஊன்றி ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி எடுத்தால், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கீறல் இருக்கிறது என்பது பதிவாகிவிடும். அதே பாட்டிலை எதிர் வண்டியின் சேதத்தின் பக்கத்திலும் வைத்து எடுங்கள். இரண்டு உயரங்களும் பொருந்தவில்லை என்றால் அந்தக் கீறல் இன்று வந்ததல்ல.

இத்தனைக்கும் மூன்று நிமிடம் போதும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். உண்மையிலேயே வழி அடைபட்டு, நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், நான்கு சக்கரங்களும் நின்ற இடத்தைச் செங்கல் துண்டாலோ சாக்பீஸாலோ தரையில் குறித்துவிட்டு எடுங்கள்.

யார் நின்றிருந்தார், யார் அசைந்தார்

நின்றுகொண்டிருந்த காரை நகர்ந்த கார் இடித்தால், பொறுப்பு நகர்ந்தவருடையது. எல்லாக் கணக்கும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டுமே நகர்ந்திருந்தால், பின்னோக்கி நகர்ந்தவருக்குக் கூடுதல் கடமை உண்டு. யாருக்கும் ஆபத்தோ இடைஞ்சலோ இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. ரிவர்ஸ் கேமராவும் சென்சாரும் கண்ணுக்குத் துணை செய்யும் கருவிகள்தான். "சென்சார் கத்தவே இல்ல சார்" என்பது காரணம் ஆகாது.

எதிரெதிர் வரிசையில் நின்ற இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் பின்னால் வந்து முதுகோடு முதுகு மோதிக்கொண்டால், ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டு அவரவர் வண்டியை அவரவர் சரிசெய்துகொள்வதே நியாயம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் மற்றவரைக் கண்டு நின்றுவிட்டு, ஹாரனும் அடித்த பிறகு இடிபட்டிருந்தால் பாதிக்குப் பாதி செல்லாது. நின்றதை நிரூபிக்க டேஷ்கேமராவோ கண்காணிப்புக் கேமராவோ வேண்டும். வாய்ச்சொல் எடுபடாது.

முன்னோக்கிப் போகிறவரும் முழுக்கத் தப்பிவிட முடியாது. எதிர்த்திசையில் வந்தவர், நிறுத்துமிடப் பாதையில் வேகமாக வந்தவர், காலியாகக் கிடந்த கட்டங்களின் குறுக்கே வண்டியை விட்டவர் எல்லோரும் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்க வேண்டும்.

பலர் அறியாத வடிவியல் ஒன்று இதில் உண்டு. ஸ்டீயரிங்கை ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது, காரின் முன்மூலை எதிர்ப் பக்கமாக வெளியே வீசும். ஓட்டுநரின் கண் முழுவதும் பின்னால் இருப்பதால் முன் பம்பர் பக்கத்துக் காரின் கதவைத் தடவிக்கொண்டு போவது தெரியாது. முன்னோக்கித் திரும்பும்போது இதற்கு நேர்மாறு: உட்புறப் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிடக் குறுகிய வட்டத்தில் வரும், அதனால் பின்கதவும் அதன் பின்னுள்ள தகடும் தூணிலோ அடுத்த காரின் பம்பர் முனையிலோ உரசும். "நான் பின்னாலதான் எடுத்தேன், முன்னாடி எப்படி இடிக்கும்?" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. எப்படி இடிக்கும் என்பதைத் தரையில் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினால், அந்த வாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கதவு விஷயம் தனி. நின்ற காரின் கதவைத் திறந்தபோது பக்கத்துக் காரில் பட்டால் பொறுப்பு திறந்தவருடையது. குழந்தை திறந்திருந்தால் பெற்றோருடையது. ஆனால் கதவு ஏற்கெனவே திறந்திருந்து, அதைப் பார்க்கக்கூடிய நிலையில் ஒருவர் வண்டியை உள்ளே நுழைத்து இடித்தால் பொறுப்பு நுழைந்தவருடையது. கதவு எப்போது திறந்தது என்பதுதான் இங்கே கேள்வி. சேதம் இருக்கும் இடம் ஓரளவு பதில் சொல்லும். கதவின் வெளி விளிம்பு மட்டும் மடங்கி, எதிர்க் காரின் பக்கவாட்டில் ஒரே புள்ளியில் குழி விழுந்திருந்தால், கதவு வந்து மோதியிருக்கிறது. கதவு கீல் பக்கமாகப் பின்னுக்கு வளைந்து, எதிர்க் காரின் முன் பம்பர் மூலையில் அடி இருந்தால், கார் வந்து மோதியிருக்கிறது.

தவறான இடத்தில் நிறுத்தியவர் இடிபட்டால் என்ன செய்வது? நடைபாதை மேலே, பேருந்து நிறுத்தத்தில், இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் இரட்டை வரிசையாக, பிறர் வாசலை மறித்து என்று நிறுத்தக் கூடாத இடங்களை விதிகள் சொல்கின்றன. அங்கே நிறுத்தியது அபராதத்துக்குரிய குற்றம். ஆனால் அப்படி நிற்கும் காரை இடிக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. அந்த வண்டி அங்கே நின்றதுதான் இடிக்கக் காரணமா என்று கேளுங்கள். பட்டப்பகலில் தெளிவாகத் தெரிந்த காரைப் பார்க்காமல் இடித்தால் இடித்தவர் பொறுப்பு. இருட்டான வளைவில் விளக்கின்றி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தால் நின்றவருக்கும் பங்கு உண்டு. கோட்டைத் தாண்டி அரையடி நின்ற காருக்கும் இதே அளவுகோல்தான்.

காவலாளி "வா வா வா, ரைட்டுல ஒடி, வா" என்று சொல்லிக்கொண்டே தூணில் இடிக்க வைப்பது நம் ஊரில் நடக்கிற காரியம். ஓட்டியவர் நீங்கள். சைகை காட்டியவரை நம்பியது உங்கள் முடிவு. மாதம் சொற்பச் சம்பளம் வாங்கும் அந்த மனிதரிடம் பம்பர் காசு கேட்டு நிற்பது சட்டப்படியும் எடுபடாது, மனசாட்சிப்படியும் சரியில்லை. ஆக்டிங் டிரைவரை வைத்து ஓட்டும்போதும் அப்படித்தான். அவர் செய்த சேதத்துக்கு மற்றவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் காரின் உரிமையாளர். செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தால் உங்கள் காப்பீடு அவருக்கும் சேர்த்துத்தான். அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இட நெருக்கடியில் ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தி, "நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார், தள்ளிக்கிறோம்" என்பார்கள். தள்ளும்போது இடித்தால் தள்ளியவர் பொறுப்பு. தரை சரிவாக இருந்து கார் தானாக உருண்டால், நியூட்ரலில் விட்டுப் போனவர் பொறுப்பு. சரிவு இருக்கிற இடத்தில் யார் கேட்டாலும் ஹேண்ட்பிரேக்கை எடுக்காதீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதே அதைவிட மேல்.

கீறல் சொல்வதும் சொல்லாததும்

டிங்கரிங் பட்டறையில் பழகிய கண்ணுக்குக் கீறல் நிறையப் பேசும். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கீறலின் திசை, இரண்டு வண்டிகளும் ஒன்றுக்கொன்று எப்படி நகர்ந்தன என்பதை மட்டுமே காட்டும். நின்ற உங்கள் காரின் மேல் முன்னோக்கி வந்தவர் உரசினாலும், நின்ற அவர்மேல் நீங்கள் பின்னோக்கி வந்து உரசினாலும், கோடு ஒரே மாதிரிதான் விழும். கீறலை மட்டும் காட்டி, "பாருங்க, நீங்கதான் வந்து இடிச்சிருக்கீங்க" என்று அடித்துச் சொல்கிறவரை நம்பிவிடாதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு சக்கரம். உரசல் சக்கரத்தின் ரிம்மிலோ டயரின் பக்கவாட்டிலோ பட்டிருந்தால் குனிந்து பாருங்கள். கோடுகள் வில்லாக வளைந்து இருந்தால் அந்தச் சக்கரம் உரசும்போது சுழன்றுகொண்டிருந்தது, அதாவது அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது. நேர்க்கோடாக இருந்தால் சக்கரம் சுழலவில்லை. சண்டையைத் தீர்த்துவைக்கக்கூடிய இந்த அடையாளத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

பழைய சேதத்தைப் புதிய கணக்கில் சேர்ப்பவர்களும் உண்டு. புதுக் கீறலில் தூசி படிந்திருக்காது. தகடு வரை போன கீறலின் உள்ளே துரு இருந்தால் அது இன்றைய கீறல் அல்ல. எதிர் வண்டியின் நிறம் பெரும்பாலும் உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும். வெள்ளைக் கார் இடித்த இடத்தில் சிவப்புச் சாயம் இருந்தால் அது வேறு கதை.

சேதத்தின் அளவையும் அங்கேயே மதிப்பிடலாம். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டுப்படவில்லை என்றால் மேல் பூச்சில் மட்டும் ஒட்டிய சாயம் அது. ரப்பிங் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் போய்விடும். நகம் மாட்டினால் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். பெயிண்ட் வேலைக்குப் பட்டறைகளில் பேனல் கணக்கில்தான் காசு. ஒரு விரல் நீளக் கீறலுக்கும் அந்தக் கதவு முழுவதும் அடித்தால்தான் நிறம் சேரும். எனவே "இத்தனூண்டு கோட்டுக்கு இவ்வளவா?" என்று இடித்தவர் கேட்பதில் நியாயம் இல்லை. அதேபோல, ஒரு பேனலில் பட்ட அடிக்குப் பக்கம் முழுவதும் பெயிண்ட் கேட்பதிலும் நியாயம் இல்லை. பம்பருக்குப் பின்னால் இருக்கும் லாக்கும் கிளிப்பும் உடைந்திருக்கலாம். பம்பரின் ஓரத்தைக் கையால் லேசாக அழுத்தினால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.

பேச்சு

முதல் வாக்கியம் "கண்ணு தெரியலையா?" என்று இருந்தால், அந்தச் சண்டை பம்பரைப் பற்றியதாக இருக்காது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சார்?" என்று தொடங்குங்கள். அடுத்தது "வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் போட்டோ எடுத்துக்குவோம்." இந்த இரண்டு வாக்கியங்களே சூட்டில் பாதியைத் தணித்துவிடும். ஏனென்றால் எதிரே நிற்பவர் எதிர்பார்த்தது வசவை.

கூட்டம் சேரும். கூடியவர்களில் பார்த்தவர் ஒருவர் இருப்பார், தீர்ப்புச் சொல்பவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பார்த்தவரிடம் பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஓட்டியவர் பெண்ணாக இருந்தால் விசாரிக்காமலே தவறு அவர்மேல் என்று முடிவுகட்டும் கூட்டத்தை நிறையப் பார்க்கலாம். எனக்கு இது மிகுந்த கோபம் தருகிற விஷயம். அப்படிச் சூழ்ந்தால் காருக்குள் அமர்ந்து கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். மிரட்டலாக மாறினால் 112ஐ அழைக்கத் தயங்காதீர்கள். உரிமத்தையோ ஆர்.சி.யையோ சாவியையோ அடகாகக் கேட்பவரிடம் கொடுக்கவே கூடாது. அவற்றை வைத்துக்கொள்ளத் தனி மனிதர் யாருக்கும் அதிகாரம் இல்லை. படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும். எதிர் வண்டியின் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு அங்கேயே பார்த்துவிடலாம்.

காப்பீடு கேட்பதா, கையிலிருந்து கொடுப்பதா

"இன்சூரன்ஸ் இருக்குல்ல, அதுல பாத்துக்குங்க" என்று இடித்தவர் சொல்வார். அந்த வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் செலவைப் பார்ப்போம்.

உங்கள் சொந்தச் சேதக் காப்பீடு, தவறு யாருடையது என்று பாராமல் உங்கள் காரைச் சரிசெய்து தரும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் அதுவும் இல்லை. ஆனால் சொந்தச் சேதக் காப்பீட்டிலும், நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு உண்டு. 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பிளாஸ்டிக் பம்பரை மாற்றினால் அதன் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகப் போகும். பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லப்படும் தேய்மானமில்லாப் பாலிசி வைத்திருப்பவருக்கு இந்தத் தேய்மானம் இல்லை. கட்டாயக் கழிவு அவருக்கும் உண்டு.

பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. உரிமை கோராத ஆண்டுகளுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடிக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய், இப்போது 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறது, பெயிண்ட் பில் 6,000 ரூபாய். தேய்மானம் 750, கட்டாயக் கழிவு 1,000 போக நிறுவனம் தருவது 4,250. கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், அதன் பின் 50 சதவீதம் கிடைத்திருக்கும். போட்டதால் பூஜ்யம், 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால் இழப்பு முதல் ஆண்டில் 5,400, பிறகு 3,600, 3,000, 1,800, 600. மொத்தம் 14,400 ரூபாய். வண்டி பழசாக ஆகப் பிரீமியம் குறையும், இழப்பும் கொஞ்சம் குறையும். ஆனாலும் 4,250 ரூபாய்க்காகச் செய்யத் தகுந்த காரியம் அல்ல. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மற்றவருடைய தேர்ட் பார்ட்டி காப்பீட்டிலிருந்து வாங்க முடியாதா என்றால், முடியும். தனியார் கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு, அதில் கோரினால் அவருடைய போனஸும் குறையாது. ஆனால் அந்தப் பணத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஆறாயிரம் ரூபாய்க்கு யாரும் அதைச் செய்வதில்லை. கதவும் பில்லரும் சேர்ந்து நசுங்கிப் பெரிய தொகை ஆகும்போது அந்த வழியை நினைத்துப் பாருங்கள். அப்போதும் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவது பாதுகாப்பு.

ஆகவே சிறு சேதத்துக்கு இருவரும் பேசி முடிப்பதே நடைமுறை. தொகையை ஊகித்துச் சொல்லாதீர்கள். சேதத்தின் படத்தை இரண்டு பட்டறைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி எஸ்டிமேட் வாங்குங்கள். ஒன்று நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், மற்றொன்று நல்ல வெளிப் பட்டறை. வாரன்டியில் இருக்கும் புதுக் காருக்குச் சர்வீஸ் சென்டர் கணக்குக் கேட்பது நியாயம். எட்டு வருடம் ஓடிய காருக்கு வெளிப் பட்டறைக் கணக்கே போதும்.

பணம் ரொக்கமாக வேண்டாம், யு.பி.ஐ.யில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும்போதே குறிப்பில் வண்டி எண் இருக்கட்டும். கூடவே இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் என் கார் (எண்) பின்னால் எடுக்கும்போது தங்கள் காரின் (எண்) இடது பின் கதவில் பட்டது. அதைச் சரிசெய்ய ரூபாய் இவ்வளவு தந்துவிட்டேன். இத்துடன் இந்தச் சேதம் தொடர்பான கணக்கு முடிந்தது." இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவரைவிடக் கொடுக்கிறவருக்குத்தான் இந்தக் காகிதம் அவசியம். இரண்டு மாதம் கழித்து "ஹெட்லைட்டும் போச்சு" என்று வரும் அழைப்புக்கு இதுதான் பதில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று காப்பீட்டு ஒப்பந்தத்திலேயே நிபந்தனை இருக்கிறது. எனவே காப்பீட்டில் போகிறீர்களா, கையிலிருந்து கொடுக்கிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காப்பீடு என்றால் எதையும் எழுதித் தராமல் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் வேலையைத் தொடங்காதீர்கள். அடுத்தவரிடம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, அதே சேதத்துக்குக் காப்பீட்டிலும் கேட்பது மோசடி.

ஆள் இல்லாத காரை இடித்துவிட்டால்

சுற்றிலும் யாரும் இல்லை, போய்விடலாம் என்று தோன்றும் நொடி இது. போகாதீர்கள். பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநர், அங்கே காவலர் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. தவறினால் 187ஆம் பிரிவின் கீழ் தண்டனை உண்டு. வைப்பரின் அடியில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைச் செருகுங்கள். சீட்டு வைத்த நிலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு, காவலாளியிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படிச் சீட்டு வைத்தவர்மேல் கோபப்படுகிறவர்கள் குறைவு.

இடிபட்டது உங்கள் கார், இடித்தவரைக் காணவில்லை என்றால், உங்கள் எதிரி காலம். கண்காணிப்புக் கேமராவின் பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து புதியது ஏறிவிடும். அன்றே குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கோ வளாக மேலாளருக்கோ, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரையான பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் காட்ட மறுக்கலாம், அழிக்காமல் வைக்கச் சொன்னதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்கட்டும். பக்கத்துக் கார்களில் டேஷ்கேமரா இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

பதிவில் எண் கிடைத்து, எதிராளி மறுத்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். மனு ஏற்புக்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். காவல்துறை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. வேண்டுமென்றே சேதப்படுத்தினால்தான் சொத்து நாசம் என்ற குற்றம் ஆகும். கவனக்குறைவாகப் பம்பரில் கீறியதற்கு முதல் தகவல் அறிக்கை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இருவரையும் அழைத்துப் பேச வைப்பார்கள். பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடியும்.

சாவியை வாங்கியவர் பொறுப்பு

ஓட்டலிலோ மண்டபத்திலோ வாலே ஊழியர் சாவியை வாங்கிக்கொண்டு போய் நிறுத்துகிறார். திரும்பி வரும்போது கதவில் ஒடுக்கு. "டோக்கன்லயே போட்டிருக்கு சார், ஓனர் ரிஸ்க்" என்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். காரும் சாவியும் அவர்கள் கைக்குப் போனதும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி அது ஒப்படைப்பு. தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமுள்ளவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தை அவர்கள் காட்ட வேண்டும். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998இல் வாலேயிடம் ஒப்படைத்த மாருதி ஜென் காரைச் சிலர் ஓட்டிச் சென்றுவிட்டார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. உரிமையாளர் பொறுப்பு என்று டோக்கனில் அச்சிட்டுவிட்டதால் மட்டும், தன் ஊழியர்களின் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்பிவிட முடியாது என்றது நீதிமன்றம். அது திருட்டு வழக்குதான். ஒப்படைத்த பொருளுக்குக் காட்ட வேண்டிய கவனம் என்ற அடிப்படை ஒடுக்குக்கும் பொருந்தும்.

நீங்களே ஓட்டிப்போய் நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால் நிலைமை வேறு. அங்கே கட்டணம் என்பது பெரும்பாலும் இடத்துக்கான வாடகை மட்டுமே. பக்கத்துக் கார் இடித்ததற்கு வளாகத்தைப் பிடிப்பது கடினம்.

வாலேயில் கொடுக்கும்போது டோக்கனை வாங்கும் கையோடு காரைச் சுற்றி ஒரு காணொளி எடுத்துவிடுங்கள், இருபது நொடி போதும். திரும்ப வாங்கும்போது வெளிச்சத்தில் நின்று சுற்றிப் பார்த்த பிறகே நகருங்கள். வாசலைத் தாண்டிவிட்டால் ஒடுக்கு எங்கே விழுந்தது என்பது உங்கள் வார்த்தைக்கும் அவர்கள் வார்த்தைக்குமான போட்டியாகிவிடும். சேதம் இருந்தால் அங்கேயே மேலாளரை அழைத்து, டோக்கன் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அதே இடத்திலிருந்து நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குப் படங்களோடு அனுப்புங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அங்கே ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்தால் போதும்.